அப்பாச்சி வீடு, இணுவில் (வாட்ஸ்அப் குழு)

சனி, இரவு 8:04

ராசன் சித்தப்பா: ரிக்கற் போட்டாயிற்று. 12ஆம் திகதி பின்னேரம் வீட்டில் நிற்பேன், அம்மாவின் ஆட்டைத் திவசத்திற்கு இரண்டு நாள் முந்தி. பெட்டியில் 8 கிலோ இடம் இருக்கிறது. யாருக்கு என்ன வேண்டும் என்று இன்றே சொல்லுங்கள். போனமுறை போல நான் விமான நிலையத்தில் நிற்கும்போது பட்டியல் அனுப்பாதீர்கள்.

சாந்தி மாமி: எனக்கு ஒன்றும் வேண்டாம் தம்பி. நீ வந்தால் போதும்.

சாந்தி மாமி: முழங்காலுக்குப் பூசுகிற அந்தத் தைலம் மட்டும். இரண்டு போத்தல்.

கவின்: சித்தப்பா, ரொறன்ரோவில் நிலவன் தன் பிளேஸ்டேஷன் 5ஐ விற்கப்போகிறானாம். எனக்குக் கொண்டுவருவீர்களா?

வதனி: கவின்.

வதனி: ஓ.எல். சோதனைக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று இந்தக் குழுவிலேயே சொல்.

ராசன் சித்தப்பா: பொறுங்கள் அண்ணி. எதற்கடா அது?

கவின்: மார்வல் ரைவல்ஸ் என்ற சுப்பர் ஹீரோ விளையாட்டு விளையாட. நிலவனும் ஆரணி அக்காவும் ஒவ்வொரு சனிக்கிழமையும் விளையாடுகிறார்கள். அவன் கணினிக்கு மாறிவிட்டான். அவன் கணினியிலும் நான் பிளேஸ்டேஷனிலும் இருந்தாலும் சேர்ந்து விளையாடலாம். தரவரிசைப் போட்டியில் மட்டும் முடியாது. விளையாட்டு இலவசம், சந்தாவும் தேவையில்லை.

பெரியப்பா: இலவசம் என்றால் எங்கேயோ பிடுங்குவான்.

துளசி அக்கா: உடுப்பில் பிடுங்குகிறான் அப்பா. வீரர்கள் எல்லாரும் முதல் நாளிலிருந்தே இலவசம், அது நல்ல விடயம்தான். ஆனால் அவர்களுக்குப் புது உடுப்புப் போட்டுப் பார்க்கக் காசு. அந்த உடுப்பால் ஒரு சக்தியும் கூடாது, வெறும் அழகுக்கு.

பெரியப்பா: திருவிழாவுக்குச் சீலை எடுப்பதுபோல.

சாந்தி மாமி: சீலை என்றதும் நினைவு வந்தது. ஐயருக்கு யார் சொல்கிறீர்கள்?

ராசன் சித்தப்பா: கவின், சுப்பர் ஹீரோ விளையாட்டைப் பற்றி என்னிடமா கதைக்கிறாய்? 2004 ஏப்ரலில் ‘சிற்றி ஒவ் ஹீரோஸ்’ வந்தபோது இரவு வேலை முடித்து வந்து விடியும்வரை இருந்தவன் நான். மாதம் 14.99 டொலர் கட்டினேன். உன்னுடையதில் அவன் செய்து வைத்த ஆளைத்தான் எடுக்கலாம். எங்களுடையதில் ஆளையே நாங்கள்தான் செய்வோம், சப்பாத்திலிருந்து முகமூடி வரை. என் ஆளுக்கு வல்லிபுரத்தான் என்று பெயர். நீல உடம்பு. கையில் சக்கரம் கொடுக்க வழியில்லை, நெஞ்சில் வட்டம் ஒன்று போட்டுச் சமாளித்தேன். பறக்கும் சக்தி 14ஆம் படிநிலையில்தான் கிடைக்கும், அதுவரை ஓட்டம்தான். குறையும் சொல்லிவிடுகிறேன்: போகிற இடமெல்லாம் அதே கிடங்கு, அதே அலுவலகம், அதே குகை. செத்தால் கடன் ஏறும், அடுத்துச் சேர்க்கிற அனுபவத்தில் பாதி அந்தக் கடனுக்கே போய்விடும். ஆனால் ஒன்று இருந்தது பார், அதை இன்றைக்கும் பாராட்டுவேன். 30ஆம் படிநிலையில் நிற்கிறவன் நேற்று வந்த ஒருவனைத் துணைவனாகச் சேர்த்தால், அவனும் இவன் உயரத்திற்கு வந்துவிடுவான். ஒருவரையும் பின்னால் விட்டுவிட்டுப் போகத் தேவையில்லை.

பெரியப்பா: 2004இல்தானே வேலை குறைவு, காசு அனுப்ப முடியவில்லை என்று கடிதம் போட்டாய்?

ராசன் சித்தப்பா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

துளசி அக்கா: அப்பா...

கவின்: சித்தப்பா, உங்கள் விளையாட்டு இப்போது இருக்கிறதா?

ராசன் சித்தப்பா: 2012 நவம்பர் 30இல் நிறுவனமே அந்த விளையாட்டை மூடிவிட்டது. எட்டரை வருடம் கட்டிய காசும் போயிற்று, வல்லிபுரத்தானும் போனான். கடைசி இரவு விளையாட்டுக்குள் இருக்கிற அட்லஸ் பூங்காவில் எல்லாரும் கூடி நின்றோம். திரை அப்படியே நின்றது. இதைச் சொன்னால் உன் சித்தி சிரிப்பாள்.

கவின்: அப்படியென்றால் எங்களுடையதே மேல். 2024 டிசம்பர் 6இல் வந்தது, 72 மணி நேரத்தில் ஒரு கோடிப் பேர். தொடக்கத்திலேயே 33 வீரர்கள். பக்கத்துக்கு 6 பேர். குறிப்பிட்ட இருவர் ஒரே அணியில் இருந்தால் தனியாக ஒரு கூட்டுச் சக்தி கிடைக்கும். கட்டடங்கள் உடையும். எந்தச் சுவர் உடையும் என்று ஒரு பொத்தானை அழுத்தினால் நிறம் காட்டும். மதிலை உடைத்துக்கொண்டு எதிரியின் பக்கம் போகலாம்.

பெரியப்பா: மதில் கதை இந்தக் குழுவில் வேண்டாம் என்று தைப்பொங்கலுக்கே சொல்லிவிட்டேன்.

வதனி: அவன் விளையாட்டைச் சொல்கிறான் அத்தான்.

பெரியப்பா: எனக்குத் தெரியும் எதைச் சொல்கிறான் என்று. நில அளவையாளர் போட்ட கல் அங்கேதான் இருக்கிறது.

சாந்தி மாமி: வடை எத்தனை என்று ஒருவரும் சொல்லவில்லை. 150 போதுமா?

துளசி அக்கா: கவின் குறையைச் சொல்ல மறந்துவிட்டான், நான் சொல்கிறேன். தாங்குகிறவர், அடிக்கிறவர், காயம் ஆற்றுகிறவர் என்று மூன்று வகை. யார் எதை எடுக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆகவே ஐந்து பேர் அடிக்கப் போவார்கள், ஆற்ற ஆள் இருக்காது. தோற்றதும் ஆற்றியவனுக்குத்தான் திட்டு. விடுமுறைக்கு என்னிடம் வந்து நின்றபோது கவின் எட்டு ஆட்டமும் காயம் ஆற்றுகிற அந்தச் சுறாக்குட்டி ஜெஃப்பாகத்தான் ஆடினான்.

கவின்: ஏனென்றால் நிலவன் எப்போதும் ஸ்பைடர்மேன். யாராவது ஆற்றத்தானே வேண்டும். ஜெஃப் நல்லவன். எதிரிகளை மொத்தமாக விழுங்கிப் பள்ளத்தில் துப்பலாம்.

சாந்தி மாமி: சுறாப் புட்டு என்றால் சரி. திவசம் முடியட்டும்.

துளசி அக்கா: இன்னொன்று. கவின் இங்கேயும் நிலவன் ரொறன்ரோவிலும் இருந்து ஒரே அணியில் சேர்ந்தால், இருவரில் ஒருவர் தூரத்துச் சேவையகத்தில் ஆடவேண்டும். நீ பொத்தானை அழுத்தி அது அங்கே போய்ச் சேருமுன் செத்துக் கிடப்பாய். அதோடு இங்கே மழை இரண்டு துளி விழுந்தால் கரண்ட் நிற்கும்.

கவின்: செத்தாலும் பரவாயில்லை. கதைத்துக்கொண்டு விளையாடலாம்தானே.

வதனி: தொலைபேசியில் கதைத்தால் என்ன?

கவின்: என்ன கதைப்பது அம்மா? “சாப்பிட்டாயா, மழையா, சோதனை எப்போது.” மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

ராசன் சித்தப்பா: (குரல் பதிவு, 4 நிமிடம் 12 நொடி)

பெரியப்பா: இதைக் கேட்க எனக்கு நேரமில்லை. எழுது.

ராசன் சித்தப்பா: சுருக்கம்: என் விளையாட்டை இரசிகர்களே மறுபடி எழுப்பிவிட்டார்கள், ‘ஹோம்கமிங்’ என்ற பெயரில். 2024 ஜனவரியில் பழைய நிறுவனமே உரிமமும் கொடுத்துவிட்டது. காசு இல்லை. பழைய மடிக்கணினியிலும் ஓடும். துளசி, அந்த ரைவல்ஸ் எவ்வளவு கேட்கும்?

துளசி அக்கா: கணினி என்றால் 16 ஜிபி நினைவகம், 70 ஜிபி இடம். கவின் வீட்டு டேட்டாவில் அதை இறக்கினால் மாதம் முழுக்க ஒருவரும் ஒன்றும் பார்க்க முடியாது.

வதனி: கேட்டாயா?

ராசன் சித்தப்பா: ஆகவே கவின், நான் வந்து உனக்கு அதைப் போட்டுத் தருகிறேன். நான் பெரியவன், நீ துணைவன்.

கவின்: 2004 படம் போலவா இருக்கும்?

ராசன் சித்தப்பா: முகம் கொஞ்சம் மரப்பாச்சிதான்.

கவின்: சுவர் உடையுமா?

ராசன் சித்தப்பா: உடையாது.

பெரியப்பா: நல்லது.

கவின்: அப்படியென்றால் பிளேஸ்டேஷன் இல்லையா?

ராசன் சித்தப்பா: அது நாலரைக் கிலோ. உன் அப்பாவைக் கேள்.

கவின்: அப்பா?

வதனி: படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார். நீலக் கோடு வந்துவிட்டது.

அப்பா: பார்ப்போம்.

துளசி அக்கா: பார்ப்போம் என்றால் கொண்டுவரலாம்.

வதனி: பார்ப்போம் என்றால் இல்லை. இருபது வருடமாக எனக்குத் தெரியும்.

ஞாயிறு, காலை 6:11

சாந்தி மாமி: காலை வணக்கம். ஐயருக்கு யார் சொன்னீர்கள்?

காலை 7:40

சாந்தி மாமி: ஒருவரும் சொல்லவில்லையா?

ராசன் சித்தப்பா: அக்கா, தைலம் பச்சைப் போத்தலா, சிவப்பா?