பொருள்: ரீப்ளேவுக்கும் அதன் இரண்டு சேனலுக்கும் தமிழ்ச்சொல் (வெள்ளிக்குள்)

க., சுங்கை சிப்புட்:

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை தோட்டத் திடலில் எழுவர் காற்பந்து. விஎம்மிக்ஸ் என்ற நேரலைக் காணொளி மென்பொருளில் நான்கு கேமரா. ரீப்ளே மேசையில் ஐந்தாம் படிவ மாணவர் இருவர். அவர்களுக்கு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு அச்சாக வேண்டும்.

வேலை இதுதான்: நான்கு கேமராவும் நிற்காமல் வட்டில் பதிவாகும். கோல் விழுந்ததும் ‘கடைசி 10 விநாடி’ பொத்தானைத் தட்டினால் நான்கு கோணமும் ஒரே நிகழ்வாகப் பட்டியலில் சேரும். ஏ சேனலில் கோல் பின்கேமரா, பி சேனலில் பக்கக் கேமரா என்று தேர்ந்து, வேகத்தை 50 விழுக்காட்டுக்கு இறக்கி ஓட்ட வேண்டும். ‘ரீப்ளே’, ‘சேனல்’ இரண்டுக்கும் என்ன போடலாம்?

மு., ஈப்போ:

மறுஒளிபரப்பு கூடாது. நேற்றைய ஆட்டத்தை இன்று முழுதாகப் போடுவதுதான் மறுஒளிபரப்பு. மீள்காட்சி என்று போடுங்கள். வினைத்தொகை, கொல்களிறு போல இயல்பாகவே புணரும். ‘மீட்காட்சி’ என்று அச்சடித்துவிடாதீர்கள்.

வ., கோலகங்சார்:

ஐயா, வினைத்தொகை என்றால் ‘மீளும் காட்சி’. காட்சி தானாகவா மீள்கிறது? மேசையில் ஆள் உட்கார்ந்து மீட்கிறார். ‘மீட்டு’ என்பதைப் பாருங்கள்: இழந்ததை மீட்டு வருவதும் அதுதான், வீணையை மீட்டுவதும் அதுதான். ஆங்கிலச் சொல்லின் முன்பாதி ‘ரீ’, பின்பாதி ‘ப்ளே’ இரண்டும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. மீட்டோட்டம் என்பேன்.

மு.:

டீச்சர், அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அவை வேறு வேறு வினை. கைதியை மீட்டான், வீணையை மீட்டினான். முன்னதன் பகுதி மீள், பின்னதன் பகுதி மீட்டு. மேலும் ‘மீட்டு’ வினையெச்சமாக நின்றால் ‘ஓட்டம்’ என்ற பெயரை எப்படித் தழுவும்?

வ.:

வினையெச்சம் என்று யார் சொன்னது? வீணைக்குரிய ‘மீட்டு’ பகுதியாகவே நிற்கட்டும். சுடுசோறு போல மீட்டோட்டமும் வினைத்தொகை ஆகட்டுமே.

சே., தைப்பிங்:

ரீப்ளே என்றே எழுதினால் என்ன? திடலில் கத்துகிற பையன் அப்படித்தான் கத்துகிறான்.

மு.:

ரகரம் மொழிக்கு முதலாகாது, தம்பி. எழுதினால் ‘இரீப்பிளே’ என்று எழுதுங்கள். அதை எவனாவது கத்தட்டும், பார்ப்போம்.

சே.:

சரி ஐயா. பெயர் எதுவானாலும், குறிப்பில் இவை ஏறாவிட்டால் சனிக்கிழமை மானம் போகும்.

வட்டு: கேமராவுக்கு நொடிக்கு 150 மெகாபிட் என்று வைத்தால் நான்குக்கு 600. நொடிக்கு 75 மெகாபைட், மணிக்கு 270 கிகாபைட். எழுதிக்கொண்டிருக்கும்போதே படிக்கவும் வேண்டும் என்பதால் தனி எஸ்எஸ்டி (வேகமான திண்ம வட்டு) போடுங்கள். விண்டோஸ் இருக்கும் வட்டு வேண்டாம்.

பதிவு நொடிக்கு 50 சட்டகத்தில் (ஃப்ரேம்) இருக்கட்டும். 25-இல் பதிந்து பாதி வேகத்தில் ஓட்டினால் நொடிக்குப் பன்னிரண்டரை படம்தான் புதிதாக வரும். பந்து தத்தித் தத்திப் போகும்.

ஒத்திசைவு: கம்பிவழிக் கேமரா முந்தும், வைஃபையில் வரும் கைப்பேசி பிந்தும். ஏ-யில் பந்து வலைக்குள், பி-யில் இன்னும் காலடியில். ஆட்டத்துக்கு முன் ஒருவரை நடுத்திடலில் நின்று கைதட்டச் சொல்லி, நான்கிலும் பதிந்து, கைகள் சேரும் சட்டகத்தை எண்ணுங்கள். 6 சட்டகம் வித்தியாசம் என்றால் 120 மில்லிவிநாடி. முந்துகிற கேமராவுக்கு அவ்வளவு தாமதம் கொடுங்கள்.

விளக்கு: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், திடல் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். பகலில் ஷட்டர் 1/500 நல்லது. இரவில் அதையே வைத்தால் மெதுவாக ஓட்டும்போது வெளிச்சம் ஏறி இறங்குவது அப்பட்டமாகத் தெரியும். 1/100-க்கு வாருங்கள், பந்து கொஞ்சம் மங்கலாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளலாம்.

க.:

நன்றி அண்ணே, அப்படியே சேர்க்கிறேன். சேனல்?

மு.:

அலைவரிசை நமக்குத் தொலைக்காட்சி நிலையம். சிங்கப்பூரார் சொல்லும் ஒளிவழியும் அதுவே. பழஞ்சொல் வேண்டுமென்றால் ‘கால்’. நீர் ஓடும் வழி. கால்வாயிலும் வாய்க்காலிலும் இருப்பது அதுதான்.

சே.:

காற்பந்தில் ‘ஏ காலைத் தயார் செய்’ என்றால் பையன் எந்தக் காலைப் பார்ப்பான்?

வ.:

தடம். தடம் அ, தடம் ஆ.

சே.:

தடம் சரி, டீச்சர். அ, ஆ மட்டும் ஆகாது. கூட்டம் கத்தும்போது காதொலிப்பானில் குறிலும் நெடிலும் ஒன்றாகவே கேட்கும். இங்கே பிழைத்தால் வம்பு: ஏ ஒளிபரப்பில் இருக்கும்போது ஏ-யிலேயே அடுத்த நிகழ்வைத் தேர்ந்தால் பார்ப்பவர் கண்முன்னே படம் தாவும். ஏ ஓடினால் பி-யில் ஆயத்தம், பி ஓடினால் ஏ-யில். திரையிலும் பொத்தானிலும் ஏ, பி என்றே இருக்கிறது. அதை மாற்றவேண்டாம்.

மு.:

எழுத்துப் பெயரை இரவல் வாங்குவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ‘முதல் தடம், மறு தடம்’ எனலாம்.

க.:

ஐயா, ‘மறு’ என்றதும் ‘மறுபடி ஓட்டு’ என்று நினைப்பார்கள். இன்னொன்று: ஓடும்போது திரை மூலையிலும் இந்தச் சொல் நிற்க வேண்டும். 1963 டிசம்பர் 7-இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி ராணுவம்–கடற்படை ஆட்டத்தில் முதன்முதலாக இதைக் காட்டியபோது, இது நேரலை இல்லை என்று அறிவிப்பாளர் விளக்க வேண்டியிருந்தது. இப்போதும் கைப்பேசியில் பாதியில் நுழைபவர் இரண்டு கோல் என்று எண்ணிவிடுவார். அதனால் ‘உடனடி மீள்காட்சி’ நீளம், ‘மீள்காட்சி’ மட்டும்.

அச்சுக்குப் போவது: மீள்காட்சி; தடம் ஏ, தடம் பி; தொடக்கக் குறி (மார்க் இன்), முடிவுக் குறி (மார்க் அவுட்); நிகழ்வுப் பட்டியல். மறுப்பு இருந்தால் நாளை மதியத்துக்குள்.

வ.:

மறுப்பு உண்டு. மீள்காட்சியில் காட்டுகிற ஆளே இல்லை. அச்சிடுங்கள், என் மாணவருக்கு மீட்டோட்டம்தான் சொல்லிக்கொடுப்பேன்.

மு.:

தேர்வில் எழுதாமல் இருந்தால் சரி. ‘மீள்காட்சித் தடம்’ என்று எங்காவது வந்தால் ஒற்று மிகும், கவனிக்கவும்.

சே.:

ஒற்றோடு வட்டையும் கவனிக்கவும். 270 கிகாபைட் என்பது ஒரு மணிக்கு மட்டும். ஆட்டங்கள் காலையிலிருந்து மாலைவரை என்றால் இடைவேளையில் பழைய பதிவை அழிக்க ஒரு ஆளைப் பெயர் குறித்துப் போடுங்கள்.