அப்பப்பாவின் றங்குப்பெட்டியில் இருந்த றிவோல்வர்: இது எது, என்ன பெறும்?

வெள்ளவத்தைப் பேரன்:

வணக்கம். அண்மையில் காலமான எங்கள் தந்தையாரின் வீட்டை ஒழுங்குபடுத்தியபோது, அலுமாரியின் மேல் பல ஆண்டுகளாகத் திறக்கப்படாமல் இருந்த அப்பப்பாவின் றங்குப்பெட்டிக்குள், எண்ணெய்த் துணியில் சுற்றிய றிவோல்வர் ஒன்றும் அதன் தோல் உறையும் கிடைத்தன. அப்பப்பா இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இலங்கைப் பாதுகாப்புப் படையில் இருந்தவர். வீட்டில் எல்லோரும் இதை "வெப்லி" என்றே சொல்லி வந்தார்கள். ஆனால் வலப்பக்கத்தில், சுத்தியலுக்குக் கீழே, ஒரு கிரீடமும் "என்ஃபீல்ட்", "நம்பர் 2 மார்க் 1" என்ற ஆங்கில எழுத்துகளும், அவற்றை அடுத்து ஒரு சிறு நட்சத்திரமும், 1939 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. குழல் ஏறத்தாழ ஐந்து அங்குலம். பிடியின் அடியில் ஒரு வளையம் தொங்குகிறது. சுத்தியலைப் பெருவிரலால் இழுப்பதற்கான கொம்பு மட்டும் எங்கோ முறிந்துவிட்டது.

வெளிநாட்டு ஏலத் தளங்களில் இதைப் போன்றவற்றுக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத விலைகள் போடப்பட்டுள்ளன. துருவைச் சுரண்டி நிக்கல் பூசுவித்து, கொம்பையும் ஒட்டுவித்தால் நல்ல விலை போகும் என்று மைத்துனர் சொல்கிறார். அறிந்தவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

பழம்பொருள் பிரியன்:

முதலில், தயவுசெய்து அதை மைத்துனரின் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

உங்களிடம் இருப்பது வெப்லி நிறுவனத்தின் றிவோல்வர் அன்று. இங்கிலாந்தின் என்ஃபீல்ட் அரச ஆயுதத் தொழிற்சாலையின் வடிவம். உங்கள் வீட்டாரையும் குறைசொல்ல முடியாது, ஏனெனில் இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி போலவே இருக்கும். முதலாம் உலகப்போரின் கனமான .455 அங்குல வெப்லிக்குப் பதிலாக இலகுவான .38 அங்குல றிவோல்வர் ஒன்றை (இவை குழலின் உள்விட்ட அளவுகள்) இராணுவம் தேடியபோது, வெப்லி நிறுவனம் காட்டிய மாதிரியை எடுத்துக்கொண்டு அரச தொழிற்சாலை தன் போக்கில் மாற்றி உற்பத்தி செய்ததாகவும், அதற்காக வெப்லி வழக்காடி இழப்பீடு பெற்றதாகவும் வரலாறு. இது 1932இல் சேவைக்கு வந்தது. இதன் ரவையின் ஈயக்குண்டு தொடக்கத்தில் 200 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 13 கிராம் நிறை உடையதாக இருந்தது.

கொம்பு முறியவில்லை. நீங்கள் அலங்காரம் என்று எண்ணியிருக்கக்கூடிய அந்தச் சிறு நட்சத்திரமே அதற்குச் சாட்சி. தாங்கி வாகனங்களின் நெருக்கடிக்குள் ஏறி இறங்கும் வீரர்களின் றிவோல்வர் எங்கும் கொளுவிக்கொள்ளாமல் இருக்க, 1938இல் கொம்பே இல்லாத சுத்தியலுடன் "மார்க் 1 நட்சத்திரம்" அறிமுகமானது. சுத்தியலைக் கையால் இழுத்து வைக்க முடியாது. விசையை முழுவதுமாக இழுத்தே சுட வேண்டும். பழைய மார்க் 1களும் திருத்தத்துக்குப் போனபோது இவ்வாறே மாற்றப்பட்டதால், கொம்புடன் மாறாமல் எஞ்சியவையே இன்று சேகரிப்போருக்கு அரிதானவை. உங்களுடையதில் நட்சத்திரம் எழுத்துகளின் வரிசையிலிருந்து விலகி நின்றால், அது பின்னர் மாற்றப்பட்டதோ என்று ஐயுறலாம்.

மதிப்பைத் தீர்மானிப்பவை வேறு: சட்டகம், குழல், உருளை ஆகியவற்றில் உள்ள தொடரிலக்கம் ஒன்றாக இருக்கிறதா, பழைய மேற்பூச்சு கலையாமல் இருக்கிறதா, அந்தத் தோல் உறை அதனுடனேயே வந்ததா என்பவை. நிக்கல் பூசினால் இவற்றில் இரண்டாவது அன்றே போய்விடும். சுரண்டுகிற சுரண்டலில் இலக்கமும் மங்கினால் முதலாவதும் போய்விடும்.

ஓய்வுபெற்ற சட்டத்தரணி:

மேலேயுள்ள நண்பர் துவக்கைப் பார்த்தார்; நான் அதை வைத்திருப்பவரைப் பார்க்கிறேன். தம்பி, நீங்கள் கண்ட ஏல விலைகளில் அமெரிக்க விலைகள் சுடக்கூடிய நிலையில் உள்ளவற்றுக்கு உரியவை. பிரித்தானிய விலைகளோ, 1997ஆம் ஆண்டுச் சட்டங்கள் தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பதைப் பெரும்பாலும் தடைசெய்த பின்னர், பெரிதும் செயலிழக்கச் செய்யப்பட்டவற்றுக்கு உரியவை. இரண்டையும் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதில் பயனில்லை. கொழும்பில், அனுமதிப்பத்திரம் இல்லாத றிவோல்வருக்குச் சட்டப்படி வாங்குபவர் இல்லை. எனவே விலையும் இல்லை.

1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. 1996இல் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது, ஆளுக்கு வழங்கப்படுவது. காணி போலப் பிள்ளைக்கும் பேரனுக்கும் தானாக இறங்காது. அப்பப்பாவுக்கு அது இருந்திருந்தாலும் உங்களைக் காப்பாற்றாது. ஆனாலும் பெட்டியில் உள்ள ஒவ்வொரு தாளையும் பாருங்கள், ஏனெனில் பொருள் எப்படி வீட்டுக்கு வந்தது என்பதைச் சொல்ல அதுவே உங்களிடம் உள்ள சான்று.

பையில் போட்டுக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போகாதீர்கள். வழியில் ஒரு சோதனையில் அகப்பட்டால், ஒப்படைக்கவே போகிறேன் என்பதை யாருக்கு நிரூபிப்பீர்கள்? இனி அதைத் தொடாமல், உள்ளே ரவை இருக்கிறதா என்று திறந்தும் பார்க்காமல், சட்டத்தரணி ஒருவர் மூலம் எழுத்தில் அறிவித்து, அவர்களே வந்து எடுத்துச் செல்லும்படி செய்யுங்கள். தொடரிலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு வாங்குவதை மறக்க வேண்டாம். வைத்திருக்க விரும்பினால் பாதுகாப்பு அமைச்சுக்கு விண்ணப்பிப்பது அதற்குப் பிந்திய கதை. இங்கே படம் எதையும் போட வேண்டாம்.

கொட்டாஞ்சேனை மருமகன்:

எங்கள் மாமாவின் பழைய வேட்டைத் துவக்கையும் இவ்வாறே ஒப்படைத்தோம். வாக்குமூலத்துக்கு அரை நாள் போயிற்று. வீட்டில் யாரும் குற்றவாளியாக நடத்தப்படவில்லை. பற்றுச்சீட்டின் பிரதி இன்றும் கோவையில் இருக்கிறது.

வெள்ளவத்தைப் பேரன்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்றுச் சட்டத்தரணி அனுப்பிய கடிதத்துக்கு இன்று காலையில் இரு உத்தியோகத்தர்கள் வந்து பொருளை எடுத்துச் சென்றார்கள். அவர்களில் ஒருவர் குழலை முன்பக்கமாக மடித்தபோது, ஆறு அறைகளில் இரண்டில் பச்சைக் களிம்பேறிய ரவைகள் இருந்தன. அருகில் நின்ற மைத்துனர் அதன் பின்பு நிக்கலைப் பற்றிப் பேசவே இல்லை. தொடரிலக்கம் மூன்று இடங்களிலும் ஒன்றாகவே இருந்தது. பற்றுச்சீட்டிலும் அதுவே எழுதப்பட்டுள்ளது. தோல் உறையை எங்களிடமே விட்டுச் சென்றார்கள். அதன் மூடியின் உட்புறத்தில் அப்பப்பாவின் கையெழுத்தில் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் மையில் இருப்பதை இன்றுதான் கண்டோம்.