கிளட்ச் இரண்டு முறை மாற்றிய கார், வாங்கலாமா?

கேள்வி:
வணக்கம். மூன்று வருடம் ஓடிய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். டிரை டைப் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ், அதாவது எண்ணெயில் மூழ்காத இரண்டு கிளட்ச் உள்ளது. நன்றாகவே ஓடுகிறது, நெரிசலில் ஊர்ந்து போகும்போது மட்டும் உதறுகிறது. கிளட்ச் இரண்டு முறை மாற்றியதாக சர்வீஸ் பதிவில் இருக்கிறது. "புது கிளட்ச்தான், பயப்படாதீங்க" என்கிறார் விற்பவர். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்:
கொடுக்காதீர்கள். புது கிளட்ச் போட்ட பிறகும் உதறுகிறதே! இந்த வகையில் கிளட்சைக் குளிர்விக்க எண்ணெய் கிடையாது. ஊர்ந்து போகும்போது அரைகுறையாகப் பிடித்து வழுக்கியே சூடேறும். எல்லா காரிலும் தொந்தரவு வராது, ஆனால் வந்தால் லேசில் விடாது. நான் இப்படி ஒன்றை வாங்கி ஒன்றரை வருடம் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றவன். பழைய ஜாப் கார்டுகளை (ஒர்க்‌ஷாப்பில் புகாரையும் செய்த வேலையையும் எழுதும் சீட்டு) எல்லாம் கேட்டு வாங்குங்கள். என்னுடையதில் முதலில் "உதறல்", அடுத்து "சாஃப்ட்வேர் அப்டேட்", அப்புறம் "கிளட்ச் மாற்றம்" என்று இருந்தது. மூன்றும் ஒரே புகார்தான்.

கேட்டவர்:
நன்றி சார். செக் என்ஜின் லைட் எரியவில்லை, அது நல்லதுதானே?

மற்றொரு பதில்:
அதை நம்ப முடியாது தம்பி. ஸ்கேனர் இருந்தால் கம்ப்யூட்டரில் பதிவான எரர் கோடுகளை ஒரு நிமிடத்தில் அழித்து லைட்டை அணைத்துவிடலாம். ஓபிடி சாக்கெட்டில் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்க ஸ்கேனர் மாட்டும் இடம்) ஸ்கேனரை மாட்டி, எரர் கோடு மட்டும் பார்க்காமல், சுயபரிசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் ரெடினெஸ் பக்கத்தையும் பாருங்கள். கோடுகளை அழித்தால் காரின் சுயபரிசோதனைகள் முதலிலிருந்து தொடங்கும், எல்லாம் முடியச் சில நாள் ஓட்டியாக வேண்டும். பல கார்களில், அழித்த பிறகு ஓடிய தூரமும் தெரியும். கியர்பாக்ஸுக்குத் தனி கம்ப்யூட்டர் என்பதால் சாதாரண ஸ்கேனர் அதைப் படிக்காமல் போகலாம். அதைப் படிக்கிற கருவி உள்ள மெக்கானிக்கை அழைத்துப் போங்கள்.

17 இலக்க சேசிஸ் எண்ணை வைத்து ரீகால் (குறையைச் சரிசெய்ய கம்பெனியே காரைத் திரும்ப அழைப்பது) பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். டகாட்டா கம்பெனி ஏர்பேக்குகளுக்காக நடந்த ரீகாலில், ஏர்பேக்கை விரிக்க உள்ளே இருந்த அம்மோனியம் நைட்ரேட் வருடக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டுக் கெட்டுப்போனது. ஓட்டிப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

கேட்டவர்:
இன்று மாட்டிப் பார்த்தோம். அழித்து 38 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, ரெடினெஸ்ஸில் நான்கு முடியவில்லை. "பேட்டரி மாத்தினோம், அதான்" என்றார் விற்பவர். பானெட்டைத் திறந்தால் பேட்டரி முனையில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது, மேலே தூசி; புதுசு மாதிரியே இல்லை. அட்வான்ஸ் கொடுக்காமல் வந்துவிட்டேன்.