ரூட் இல்லாத சர்வர்ல பைத்தான் 3.11, எஸ்எஸ்எல் மட்டும் வர மாட்டேங்குது, அவசரம்

மழைக்கணக்கு_சேலம்:
எல்லாருக்கும் வணக்கம். டிபார்ட்மென்ட் சர்வர்ல ஜாங்கோ (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) ஆப் ஒண்ணு ஓட்டணும், ரூட் (அட்மின் உரிமை) கிடையாது, சூடோ கேட்டா தர மாட்டேங்கிறாங்க. சரின்னு பைத்தான் 3.11 சோர்ஸ் எடுத்து ஹோம் ஃபோல்டர்லயே கம்பைல் பண்ணிட்டேன், எஸ்எஸ்எல்லுக்கு (பாதுகாப்பான இணைப்புக்கு) வேண்டிய ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியும் தனியா போட்டாச்சு, ரெண்டும் எரர் இல்லாம முடியுது ஆனா பேக்கேஜ் இறக்க பிப் இன்ஸ்டால்னு அடிச்சா எஸ்எஸ்எல் மாட்யூல் இல்லைன்னு சொல்லிட்டு நின்னுடுது. லைப்ரரியை எங்க தேடணும்னு சொல்ற எல்டி_லைப்ரரி_பாத் எல்லாம் குடுத்து பாத்துட்டேன். திங்கக்கிழமை டெமோ, தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்

அஸ்தம்பட்டி_தேவ்:
எந்த ஓஎஸ், என்ன வெர்ஷன்? ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 போட்டீங்களா 3 போட்டீங்களா? கான்ஃபிகர் லைனை அப்படியே இங்க போடுங்க

தறிக்காரன்:
ஜிசிசி (சி கம்பைலர்) வெர்ஷனும் சொல்லுங்க. பழைய ஜிசிசில --எனேபிள்-ஆப்டிமைசேஷன்ஸ் குடுத்தா பைத்தான் பில்ட் பாதில ரன்பை மாட்யூல் இம்போர்ட் ஆகலைன்னு விழும், 3.8ல இருந்தே இந்தத் தொல்லை இருக்கு. உங்க பிரச்சனை ஜிசிசி தான்னு நினைக்கிறேன், அந்த ஆப்ஷனை எடுத்துட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க

பழைய_அட்மின்:
ஹோம் டைரக்டரி நோஎக்ஸெக்ல, அதாவது புரோகிராம் ஓட விடாத மாதிரி, மவுன்ட் ஆயிருக்கும். மவுன்ட்னு அடிச்சு பாக்கணும், அதைக்கூட பாக்காம கேள்வி போட்டா யாரு என்ன சொல்றது. அதோட ரூட் தரலைன்னா தராததுக்குக் காரணம் இருக்கும் தம்பி. நாப்பது பசங்க லாகின் பண்ற மெஷின்ல ஆளாளுக்கு ஒரு சர்வீஸ் ஓட்டுனா அதைப் பாத்துக்கறவன் கதி என்ன? முதல்ல எரர் மெசேஜை முழுசா காப்பி பண்ணிப் போடக் கத்துக்கோ, அப்புறம் சர்வர் நடத்தலாம்.

அஸ்தம்பட்டி_தேவ்:
நோஎக்ஸெக்கா இருந்தா கான்ஃபிகர் ஸ்கிரிப்டே பர்மிஷன் டினைட்னு நின்னுருக்கும் சார். அவரு பைத்தான் வரைக்கும் பில்ட் பண்ணி ஓட்டிட்டாரு, பிப் வரைக்கும் வந்துருக்காரு. அது இல்லை.

கொலுசுப்பட்டறை:
இவ்வளவு சிரமம் எதுக்கு? மைக்ரோமாம்பா போடுங்க, கோண்டா பேக்கேஜ்களை இறக்கற டூல். ஒரே ஒரு பைனரி, ஹோம்ல வச்சா போதும், ரூட் கேக்காது. பைத்தான், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், எஞ்ஜின்எக்ஸ் வெப் சர்வர் எல்லாமே கோண்டா-ஃபோர்ஜ் களஞ்சியத்துல ரெடியா இருக்கு, ஓப்பன்எஸ்எஸ்எல் அதுவே சேத்து இறக்கிக்கும். நான் எங்க ஆபீஸ் மெஷின்ல இப்படித்தான் வச்சிருக்கேன், கம்பைல்ங்கிற பேச்சே இல்லை

மழைக்கணக்கு_சேலம்:
சாரி அண்ணா அவசரத்துல விட்டுட்டேன். சென்ட்ஓஎஸ் 7, ஜிசிசி 4.8.5. ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0. அது கம்பைல் பண்றப்பவே பெர்ல்ல ஐபிசி::சிஎம்டி இல்லைன்னுச்சு, அதையும் ஹோம்லயே இறக்கி பெர்ல்5லிப் செட் பண்ணி தாண்டிட்டேன். ஆப்டிமைசேஷன் ஆப்ஷன் நான் குடுக்கவே இல்லை.
ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு: ./கான்ஃபிக் --ப்ரிஃபிக்ஸ்=$ஹோம்/லோக்கல்
பைத்தானுக்கு: ./கான்ஃபிகர் --ப்ரிஃபிக்ஸ்=$ஹோம்/லோக்கல் --வித்-ஓப்பன்எஸ்எஸ்எல்=$ஹோம்/லோக்கல்
மேக் முடியறப்ப கடைசில "எஸ்எஸ்எல் மாட்யூல் பில்ட் பண்ண முடியலை, ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 அல்லது புதுசு வேணும்"னு ஒரு வரி வருது. ஆனா நான் போட்டது 3.0 தானே, அது புதுசு தானே? அதான் புரியலை

தறிக்காரன்:
சிஸ்டம்ல இருக்கற ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 தான், சென்ட்ஓஎஸ் 7ஓட கூடவே அதுக்கு மேல வராது. பைத்தான் 3.10ல இருந்து 1.1.1க்குக் கீழ எடுத்துக்கறதே இல்லை. நீங்க போட்ட 3.0 அதோட கண்ணுக்குத் தெரியலைன்னு அர்த்தம்

அஸ்தம்பட்டி_தேவ்:
லோக்கல் ஃபோல்டருக்குள்ள போய் எல்எஸ் அடிச்சு அப்படியே போடுங்க. லிப் உள்ளயும் தனியா ஒரு எல்எஸ்.

பழைய_அட்மின்:
சென்ட்ஓஎஸ் 7க்கு 2024 ஜூன் 30ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் செக்யூரிட்டி பேட்ச் கிடையாது. அந்த மெஷின்ல புதுசா ஒரு வெப் சர்வீஸ் திறந்து விடறதுங்கறது சுத்தமா தப்பு, நான் அட்மினா இருந்தா உன் பிராசஸைக் கொன்னுட்டுதான் அடுத்த வேலை பாப்பேன். இதுல மேக் -ஜே குடுத்து எல்லா கோரையும் பிடிச்சிருப்ப, கூட லாகின்ல இருக்கறவங்க வேலை என்ன ஆகும்னு யோசிச்சியா?

கொலுசுப்பட்டறை:
சார் அந்தப் பையன் என்ன பண்ணுவான்? ஓஎஸ்ஸை மாத்தற அதிகாரம் அவன் கையில இல்லை, டெமோ தேதி மட்டும் அவன் தலையில இருக்கு. மெஷினைப் பழசா விட்டு வச்சிருக்கறவங்களைக் கேக்கறதை விட்டுட்டு ஸ்டூடன்ட்டைத் திட்டறது நியாயமா இல்லைங்க

பழைய_அட்மின்:
நான் திட்டலை, நிலவரத்தைச் சொல்றேன். ஒரு காலேஜ்ல ஒரே ஆள் லேப், வைஃபை, பிரின்டர், சர்வர் எல்லாம் பாக்கறான். ஓஎஸ் மாத்தணும்னா அதுல ஓடற பழைய சாஃப்ட்வேர் அத்தனையும் மறுபடி நிக்கணும், அதுக்கு லீவு நாள்ல வந்து உக்காரணும். அந்த வேலையை நான் பாத்தவன், அதனால சொல்றேன். சரி, பர்மிஷன் லெட்டர் எழுதி ஹெச்ஓடி கையெழுத்து வாங்கி அட்மின்கிட்டயே ஓப்பன்எஸ்எஸ்எல்11 டெவல் பேக்கேஜைப் போடச் சொல்லலாம், எப்பெல்ங்கற கூடுதல் பேக்கேஜ் களஞ்சியத்தோட ஆர்க்கைவ்ல இருக்கு, அஞ்சு நிமிஷ வேலை.

தறிக்காரன்:
திங்கக்கிழமைக்குள்ள கையெழுத்து வருமா சார். இன்னைக்கு வெள்ளி.

ஏற்காடு_மிளகுக்கொடி:
குறுக்க வர்றேன், மன்னிக்கணும். பேரு மழைக்கணக்குன்னு இருக்கே தம்பி, என்ன ஆப் அது? மலைல எஸ்டேட் மழை ரெஜிஸ்டர் சம்பந்தமா?

மழைக்கணக்கு_சேலம்:
ஆமாங்க, ஏற்காட்டுல சில காபி எஸ்டேட்ல இருந்து தினம் மழை அளவு வாங்கி ஒரே இடத்துல காட்டற ப்ராஜெக்ட். சூப்பர்வைசர் போன்ல அனுப்புவாரு நாங்க சேத்து வரைபடம் போடுவோம்
தேவ் அண்ணா கேட்டது:
லோக்கல் உள்ள: பின், இன்க்ளூட், லிப், லிப்64, ஷேர், எஸ்எஸ்எல்
லிப் உள்ள: பைத்தான்3.11, பிகேஜிகான்ஃபிக், லிப்பைத்தான்3.11.ஏ
லிப்ல ஓப்பன்எஸ்எஸ்எல் சம்பந்தமா ஒண்ணுமே இல்லை

அஸ்தம்பட்டி_தேவ்:
லிப்64 உள்ள பாருங்க, லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3, லிப்கிரிப்டோ.எஸ்ஓ.3 ரெண்டும் அங்கதான் உக்காந்திருக்கும்.

விஷயம் இதுதான். ஓப்பன்எஸ்எஸ்எல் 3, 64 பிட் லினக்ஸ்ல தானாவே லிப்64க்குள்ள போய் உக்காரும். 1.1.1ல லிப்64னு ஃபோல்டர் ஏற்கனவே இருந்தாத்தான் அங்க போகும், இல்லைன்னா லிப்ல விழும், அதனால நெட்ல இருக்கற பழைய குறிப்பு எல்லாமே லிப்னு எழுதியிருக்கும். பைத்தானோட கான்ஃபிகர் நீங்க குடுத்த பாதைக்குப் பின்னாடி லிப் மட்டும்தான் ஒட்டித் தேடும். ஹெட்டர் உங்களோட 3.0ல இருந்து எடுத்துக்குது, லைப்ரரி கிடைக்கலை, கிடைச்சா சிஸ்டம்ல இருக்கற ஏதாச்சும் பழசு கிடைக்கும், ரெண்டும் ஒட்டாது. எல்டி_லைப்ரரி_பாத் ஓடற நேரத்துக்குத்தான் உதவும், மாட்யூலே பில்ட் ஆகாதப்ப அதுல எதை எழுதினாலும் பலன் இல்லை.

இப்படிச் செய்யுங்க. ஓப்பன்எஸ்எஸ்எல் சோர்ஸ்ல மேக் டிஸ்ட்க்ளீன் அடிச்சு பழைய பில்ட்டைத் துடைச்சுட்டு மறுபடி ./கான்ஃபிக் --ப்ரிஃபிக்ஸ்=$ஹோம்/லோக்கல் --லிப்டிர்=லிப். மேக், அப்புறம் மேக் இன்ஸ்டால்_எஸ்டபிள்யூ. இந்த எஸ்டபிள்யூ குடுத்தா மேன் பேஜ் எல்லாம் இன்ஸ்டால் ஆகாது, டிஸ்க் கோட்டா மிச்சம், நேரமும் மிச்சம். பழைய லிப்64 ஃபோல்டரை வேற பேருக்கு மாத்தி வைங்க. அடுத்து பைத்தான் சோர்ஸ்லயும் மேக் டிஸ்ட்க்ளீன் கண்டிப்பா வேணும், இல்லைன்னா போன தடவை கண்டுபிடிச்ச பதிலையே வச்சுக்கிட்டு நிக்கும். கான்ஃபிகர் லைன்ல கூட ஒண்ணு சேருங்க: --வித்-ஓப்பன்எஸ்எஸ்எல்-ஆர்பாத்=ஆட்டோ. இது 3.10ல வந்தது. லைப்ரரி எங்க இருக்குங்கற பாதையை எஸ்எஸ்எல் மாட்யூலுக்குள்ளயே எழுதி வச்சுடும், அதுக்கப்புறம் க்ரான்ல ஓடினாலும் டிமக்ஸ்ல ஓடினாலும் எந்த எக்ஸ்போர்ட்டும் தேவைப்படாது. மேக் -ஜே2 போதும், முன்னாடி நைஸ் போட்டுக்குங்க, மத்தவங்க வேலைக்கு வழி விடும், பழைய அட்மின் சார் அந்த விஷயத்துல சொன்னது சரிதான்.

பில்ட் முடிஞ்சதும் பைத்தான்ல எஸ்எஸ்எல் இம்போர்ட் பண்ணி ஓப்பன்எஸ்எஸ்எல்_வெர்ஷன் பிரின்ட் பண்ணுங்க. லிப்-டைன்லோட் ஃபோல்டர்ல இருக்கற _எஸ்எஸ்எல் ஃபைல் மேல எல்டிடி (எந்த லைப்ரரியை எடுக்குதுன்னு காட்டற கமாண்ட்) அடிச்சா லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3க்கு நேரா உங்க ஹோம் பாதை தெரியணும். நாட் ஃபவுன்ட்னு வந்தா அந்த வரியை இங்க போடுங்க

கொலுசுப்பட்டறை:
இவ்வளவு எழுதறதுக்கு மைக்ரோமாம்பா ரெண்டு கமாண்ட்ல முடிஞ்சிருக்கும். நாளைக்கு போஸ்ட்கிரெஸ் போடறப்ப ரீட்லைன் லைப்ரரி இல்லை, ஐசியூ லைப்ரரி இல்லைன்னு மறுபடி இதே கதை

தறிக்காரன்:
கோண்டா ஒரு என்விரான்மென்ட்டுக்கு ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல் போடும், காலேஜ் சர்வர்ல ஃபைல் எண்ணிக்கைக்கும் கோட்டா வச்சிருப்பாங்க, அங்க அடி வாங்கும். ரீட்லைனுக்கு --வித்அவுட்-ரீட்லைன் குடுத்தா போச்சு, போஸ்ட்கிரெஸ்ஸோட பிஎஸ்கியூஎல் கமாண்ட்ல மேல அம்புக்குறி வேலை செய்யாது அவ்வளவுதான். ஐசியூ, போஸ்ட்கிரெஸ் 16ல இருந்துதான் கேக்கும், அதுக்கும் --வித்அவுட்-ஐசியூ இருக்கு. போர்ட் 5432, 1024க்கு மேல இருக்கறதால ரூட் வேண்டாம். வேற யாராச்சும் அதே போர்ட்ல ஓட்டிட்டு இருந்தா 5433 வைங்க

கொலுசுப்பட்டறை:
கோட்டா இருக்கான்னு அவர்கிட்ட கேட்டீங்களா? நீங்களா ஒண்ணு நினைச்சுக்கறீங்க. சோர்ஸ்ல கம்பைல் பண்ணா ஒவ்வொரு செக்யூரிட்டி அப்டேட்டுக்கும் அவரே உக்காந்து மறுபடி கம்பைல் பண்ணணும். யாரு செய்வா? ஒரு தடவை போட்டுட்டு அப்படியே விட்டுருவாங்க, அதுதான் நடக்கும். கோண்டால அப்டேட்னு அடிச்சா முடிஞ்சது

பழைய_அட்மின்:
இந்த ஒரு விஷயத்துல பட்டறைக்காரர் பேச்சு எனக்குச் சம்மதம். ஹோம் ஃபோல்டர்ல கம்பைல் பண்ணின ஓப்பன்எஸ்எஸ்எல்லை அட்மினால அப்டேட் பண்ண முடியாது, அவனுக்கு அது இருக்கறதே தெரியாது. பையன் படிப்பு முடிச்சுப் போயிடுவான், அது ஓடிட்டே இருக்கும்.

பழனியாபுரம்2:
எஸ்கியூலைட்னு சின்ன டேட்டாபேஸ் வச்சா போஸ்ட்கிரெஸ்ஸே வேண்டாமே, பைத்தானோடயே வருதே

அஸ்தம்பட்டி_தேவ்:
சென்ட்ஓஎஸ் 7ல எஸ்கியூலைட் 3.7.17. ஜாங்கோ 4.2க்கு 3.21 வேணும், அதையும் தனியா கம்பைல் பண்ணித்தான் ஆகணும். பரவால்ல, எஸ்கியூலைட் சின்னது, சீக்கிரம் முடிஞ்சுடும்.

ஏற்காடு_மிளகுக்கொடி:
தம்பி ஆப்ல ஒண்ணு கவனிச்சுக்கோப்பா. பழைய எஸ்டேட் ரெஜிஸ்டர்ல மழையை இன்ச்சுலயும் சென்ட்லயும்தான் எழுதுவாங்க. நூறு சென்ட் ஒரு இன்ச், ஒரு இன்ச் 25.4 மில்லிமீட்டர். புதுசா டிஜிட்டல் கேஜ் (மழைமானி) வச்சவங்க மில்லிமீட்டர்ல அனுப்புவாங்க. "40"னு மட்டும் ஒருத்தர் அனுப்பினா அது 40 சென்ட்டா 40 மில்லிமீட்டரான்னு தெரியாது. 40 சென்ட் 10 மில்லிமீட்டர் சொச்சம்தான், நாலு மடங்கு வித்தியாசம். எங்க அப்பா காலத்துல இருந்து காலைல கேஜ் பாத்து எழுதறோம், மார்ச் ஏப்ரல்ல காபி பூக்க வர்ற பூ மழை ஒரு இன்ச் வந்துச்சா அரை இன்ச் வந்துச்சாங்கறதை வச்சுத்தான் ஸ்பிரிங்க்ளர் போடறதா வேண்டாமான்னு முடிவு எடுக்கறது, அந்த நேரத்துல தப்பான நம்பர் வந்தா அந்த வருஷக் காபியே போச்சு. யூனிட்டை கேட்டு வாங்கற மாதிரி வைங்க. அப்புறம் வானிலை ஆய்வு மையம் காலை 8:30க்கு 8:30 கணக்கு, சில எஸ்டேட்ல ஆறு மணிக்கே கேஜ் பாத்துருவாங்க. நேரத்தையும் சேத்து வாங்கிக்குங்க

தறிக்காரன்:
இது நல்ல பாயின்ட். டேட்டாபேஸ்ல அனுப்பின எண், யூனிட், பாத்த நேரம் மூணையும் தனித்தனி காலமா வச்சுக்குங்க, மில்லிமீட்டரா மாத்தறது காட்டற இடத்துல

மழைக்கணக்கு_சேலம்:
தேவ் அண்ணா எஸ்எஸ்எல் வந்துருச்சு!! ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0னு பிரின்ட் ஆகுது, பிப்ல ஜாங்கோ இறங்கிடுச்சு. ஆனா பைத்தானோட யுஆர்எல்லிப்ல வெளிய ஒரு சைட்டைத் தொட்டா சர்ட்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்டுங்குது, பிப்புக்கு மட்டும் எப்படி வேலை செய்யுது? மிளகுக்கொடி ஐயா ரொம்ப நன்றி, எங்க ஃபார்ம்ல யூனிட் கேக்கவே இல்லை, இன்னைக்கே சேக்கறேன்

அஸ்தம்பட்டி_தேவ்:
பிப் தனக்குன்னு சர்ட்டிஃபிகேட் கட்டு ஒண்ணு உள்ளயே வச்சிருக்கு. உங்க ஓப்பன்எஸ்எஸ்எல் $ஹோம்/லோக்கல்/எஸ்எஸ்எல்ல தேடுது, அங்க காலி. எஸ்எஸ்எல்_செர்ட்_ஃபைல்னு ஒரு வேரியபிள் எக்ஸ்போர்ட் பண்ணி /ஈடிசி/பிகேஐ/டிஎல்எஸ்/செர்ட்ஸ்/சிஏ-பண்டில்.சிஆர்டி பாதையைக் குடுங்க. வெரிஃபிகேஷனை ஆஃப் பண்ணச் சொல்லி நெட்ல நிறைய பேர் எழுதியிருப்பாங்க, அதைச் செய்யாதீங்க. டெமோவுக்கு சர்வர்ல போர்ட் எதையும் வெளிய திறக்க வேண்டாம், ஜாங்கோவை 127.0.0.1ல 8000ல ஓட்டிட்டு உங்க லேப்டாப்ல இருந்து எஸ்எஸ்எச் -எல் போட்டு டனல்ல பாத்துக்குங்க

பழைய_அட்மின்:
டனல்னா எனக்கு ஆட்சேபணை இல்லை. டெமோ முடிஞ்சதும் பிராசஸை நிறுத்திட்டு, அட்மினுக்கு என்னென்ன எங்க போட்டிருக்கேன்னு ஒரு மெயில் எழுது.

மழைக்கணக்கு_சேலம்:
சரிங்க சார், எழுதிடறேன். சர்ட்டிஃபிகேட்டும் சரியாயிடுச்சு. போஸ்ட்கிரெஸ் ராத்திரி பாக்கறேன்

குகை_சரவெடி:
இந்த இழையைப் பாத்து நானும் போட்டேன், எஸ்எஸ்எல் வந்துடுச்சு ஆனா _சிடைப்ஸ் மாட்யூல் இல்லைங்குது. அதுக்கு வேண்டிய லிப்எஃப்எஃப்ஐ லைப்ரரி ஹோம்லதான் போட்டிருக்கேன்

அஸ்தம்பட்டி_தேவ்:
அதுவும் லிப்64 தான். லிப்எஃப்எஃப்ஐ கான்ஃபிகர்ல --டிசேபிள்-மல்டி-ஓஎஸ்-டைரக்டரி குடுத்தா லிப்லயே விழும். பிகேஜி_கான்ஃபிக்_பாத்ல $ஹோம்/லோக்கல்/லிப்/பிகேஜிகான்ஃபிக், எல்டிஃப்ளாக்ஸ்ல -எல் பாதையும் ஆர்பாத்தும் சேத்துட்டு, பைத்தான்ல மறுபடி டிஸ்ட்க்ளீன்ல இருந்து ஆரம்பிங்க.