பாகெல்பெல் கேனன் கீபோர்டோடு சேரவில்லை, போன் கோளாறா?

புதுக்காது
வணக்கம், அவசர உதவி. பத்து நாளாகத்தான் பரோக் இசை (1600-1750 காலத்து ஐரோப்பிய இசை) கேட்கிறேன். பாகெல்பெல் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் கேனன் (ஒரே மெட்டை வயலின்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பது) ரொம்பப் பிடித்துப்போய், பதிவை ஓடவிட்டுக் கூடவே கீபோர்டில் வாசித்துப் பழகுகிறேன். நன்றாகத்தான் சேர்ந்தது. நேற்று அதே கேனனை வேறொரு பதிவில் போட்டால் கொஞ்சமும் ஒட்டவில்லை. சுருதி இறங்கிக் கிடக்கிறது, வேகமாகவும் ஓடுகிறது. போன் கெட்டுவிட்டதா? எப்படிச் சரிசெய்வது?

ஒலிப்பித்தன்
எந்த போன், எந்தச் செயலி? ஹெட்போன் ஒயரா, ப்ளூடூத்தா? ப்ளூடூத் என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம், அதுதான்.

மாடிவீடு
இரண்டும் யார் வாசித்த பதிவு? எத்தனை நிமிடம்? கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனில் கை பட்டுவிட்டதா என்றும் பாருங்கள்.

தம்பூரா72
எவ்வளவு இறங்கியிருக்கிறது? அரைக் கட்டையா, முழுசா?

வயலின்வாத்தியார்
புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேனனில்தான் வந்து விழுகிறார்கள். தம்பி, அடியில் போகிற எட்டு சுரம் 28 முறை அப்படியே திரும்பி வரும், அவ்வளவுதான் அது. 1721இல் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் அர்ப்பணித்த ஆறு பிராண்டன்பர்க் கான்செர்ட்டோக்களை (வாத்தியக் குழு இசை) ஒரு மாதம் கேளுங்கள். காது பழகினால் இந்தக் கேள்வியே வராது.

மாடிவீடு
சார், அவர் கேட்டது அது இல்லையே. அப்புறம், பாக்கின் அண்ணனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் பாகெல்பெல். பெற்றோர் இறந்தபின் பாக்கை வீட்டில் வைத்து வளர்த்தவர் அந்த அண்ணன். இந்த வாசல் வழியாக வருவதில் ஒரு குறைச்சலும் இல்லை.

ஒலிப்பித்தன்
ப்ளூடூத் இல்லையென்றால் பிளேபேக் வேகம். 1.25இல் நின்றிருக்கும்.

புதுக்காது
மன்னிக்கவும், இதெல்லாம் தேவைப்படும் என்று தோன்றவில்லை. முதல் பதிவு பையார் என்பவர் நடத்தியது, 7 நிமிடம். இரண்டாவது மியூசிகா ஆன்டிகுவா கெல்ன், 3 நிமிடம் சொச்சம். ஒயர் ஹெட்போன்தான். வேகம் 1இல் இருக்கிறது. நான் டி சுரத்துக்கான கீயை அழுத்தினால், பதிவில் அதற்கு இடப்பக்கத்துக் கறுப்புக் கீயின் ஓசை கேட்கிறது.

தம்பூரா72
சரி, அரைக் கட்டை. 2 கட்டையில் இருக்க வேண்டியது ஒன்றரையில் இருக்கிறது. இதற்கு வேகம் காரணமாக இருக்கவே முடியாது. டேப்பை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும், இங்கே வேகம் கூடியும் சுருதி இறங்கியிருக்கிறது. உங்கள் போன் நன்றாக இருக்கிறது.

கெல்ன் குழு போல பரோக் காலத்து முறை வாத்தியங்களில் வாசிக்கும் குழுக்கள் பலவும், சுருதி சேர்க்கப் பயன்படும் ஏ சுரத்தை 415 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 415 அதிர்வு) வைக்கின்றன. உங்கள் கீபோர்டில் அது 440. இடைவெளி சரியாக ஓர் அரைச்சுரம். 440 என்பதே 1939இல் லண்டனில் கூடி முடிவு செய்தது. பாகெல்பெல் காலத்தில் ஊருக்கு ஊர் சுருதி வேறு. 415 கூட இந்தக் காலத்துக் குழுக்கள் வசதிக்காக ஒத்துக்கொண்ட அளவுதான்.

மாடிவீடு
நிமிடக் கணக்கைப் பார்த்து, ஒன்றை வெட்டிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பையார் 1968இல் பதிந்தது நிதானமான நடை. நரம்பைச் சுண்டி வாசிக்கும் பகுதியெல்லாம் அவர் சேர்த்தது. உலகமே கேனனைத் தெரிந்துகொண்டது அந்தப் பதிவால்தான். கெல்ன் குழு மூன்று வயலினும் அடிக்குரலுமாக விறுவிறுவென்று போகும். அதில் ஒன்று கவனியுங்கள்: முதல் வயலின் தொடங்கியதை இரண்டு பார் (நம்ம தாள ஆவர்த்தனம் போல) கழித்து இரண்டாவது அப்படியே எடுக்கும், இன்னும் இரண்டு பார் கழித்து மூன்றாவது. ஒன்றை ஒன்று துரத்துவது அந்த வேகத்தில்தான் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

வயலின்வாத்தியார்
அந்த 7 நிமிடம் பாகெல்பெல்லே இல்லை. சர்க்கரைப் பாகு. புதியவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

தம்பூரா72
அந்தப் பாகில் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தவன் நான். இருபது வருடம் கர்நாடக சங்கீதம் மட்டுமே கேட்ட காதுக்கு, டி-யை சட்ஜமாக வைத்தால் அடிக்குரல் ச ப த க ம ச ம ப என்று கேட்டது. நம்ம சங்கராபரணம்!

வயலின்வாத்தியார்
சுரம் ஒன்றாக இருந்தால் ராகம் ஆகிவிடுமா? கமகம் எங்கே, பிடி எங்கே? அந்த எட்டு சுரம் மேலே வரும் ஹார்மனியைத் தாங்குவதற்கு.

தம்பூரா72
ராக ஆலாபனை என்று நான் சொல்லவில்லை. தெரிந்த சுரத்தைப் பிடித்துக்கொண்டு தெரியாத இடத்துக்குள் போனேன் என்கிறேன்.

புதுக்காது
டிரான்ஸ்போஸை ஒன்று குறைத்தேன். சேர்ந்துவிட்டது!! எல்லோருக்கும் நன்றி. கேனன் முடிந்ததும் துள்ளலாக ஒன்று வருகிறதே, அது வேறு பாட்டா?

மாடிவீடு
அது ஜீக், நடன வகை. அந்தப் படைப்பே கேனனும் ஜீக்கும் சேர்ந்ததுதான். டிரான்ஸ்போஸை மாற்றாமல் அதையும் வாசித்துப் பாருங்கள்.