விஷுவல் லேர்னர்னு வந்துச்சு, ஆனா படிச்சது எதுவும் நிக்க மாட்டேங்குது

புதுநோட்டு:
எல்லாருக்கும் வணக்கம். நர்சிங் முதல் வருஷம் படிக்கிறேன். ரெண்டு மாசம் முன்னாடி ஆன்லைன்ல அந்த வார்க் டெஸ்ட் எடுத்தேன், பாத்து படிக்கிறவங்க, கேட்டு படிக்கிறவங்க, வாசிச்சு எழுதி படிக்கிறவங்க, செஞ்சு படிக்கிறவங்கன்னு நாலா பிரிப்பாங்களே, அதுதான். எனக்கு விஷுவல்னு வந்துச்சு. அன்னைலேர்ந்து புக்கை ஓரமா வச்சுட்டு வீடியோ, டயக்ராம், கலர் கலரா நோட்ஸ் மட்டும்தான். பாக்கும்போது எல்லாம் தெளிவா புரியுது. ஆனா போன வாரம் டெஸ்ட்ல இதயத்துக்குள்ள ரத்தம் போற வழியை வரிசையா எழுதச் சொன்னாங்க, படம் கண்ணு முன்னாடியே நிக்குது, வலது ஏட்ரியம்னு எழுதிட்டேன், அதுக்கு மேல ஒரு வார்த்தை வரல. அழுகையே வந்துடுச்சு. என் ஸ்டைல் வேறயா? ஆடியோவுக்கு மாறணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மழைச்சத்தம்:
எனக்கு காதால கேட்டாதான் ஏறும். பாடத்தை நானே வாசிச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணி வாக்கிங் போகும்போது கேப்பேன், கேக்கும்போதே அடுத்த வரியை நானே முந்திக்கிட்டு சொல்லிப் பாப்பேன், வரலைன்னா திரும்ப ஓட விடுவேன். ஒரு வாரம் முயற்சி பண்ணிப் பாருங்க.

கரும்பலகை:
தம்பியா தங்கச்சியான்னு தெரியல, எப்படி இருந்தாலும் கவலைப்படாதப்பா. பதினாலு வருஷமா அனாட்டமி எடுக்குறேன், நானும் பல வருஷம் இதே டெஸ்ட்டை பசங்களுக்கு கொடுத்து, நீ இந்த டைப், நீ அந்த டைப்னு பிரிச்சுவிட்டவ, அது தப்புன்னு தெரிஞ்சப்ப மனசு ரொம்ப உறுத்துச்சு, அதனாலதான் நீளமா எழுதுறேன்.

வார்க்கை 1987-ல நியூசிலாந்துல நீல் ஃபிளெமிங் உருவாக்கினார். அது உனக்கு எந்த வழி பிடிக்கும்னு கேக்குது, அவ்வளவுதான். பிடிக்கிறது நிஜம்தான். ஆனா பிடிச்ச வழில படிச்சா அதிகமா மனசுல நிக்கும்னு சொல்லணும்னா, பாத்து படிக்கிறவங்களுக்கு படம் நல்லா வேலை செய்யணும், கேட்டு படிக்கிறவங்களுக்கு பேச்சு நல்லா வேலை செய்யணும், ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே பரீட்சை வச்சு அது தெரியணும். 2008-ல ஹெரால்ட் பாஷ்லரும் இன்னும் மூணு சைக்காலஜிஸ்ட்டும் அதுவரைக்கும் வந்த ஆய்வுகளை அலசினாங்க. இப்படி ஒழுங்கா சோதிச்சதே சொற்பம், அதுலயும் பலது இந்த நம்பிக்கைக்கு நேர் எதிரா வந்திருக்கு. 2018-ல அனாட்டமி படிக்கிற பசங்களை வச்சே இதைப் பாத்தாங்க, தன் வார்க் ஸ்டைல்படி படிச்சவங்களுக்கு ஒரு மார்க் கூட கூடல.

உனக்கு நடந்தது என்னன்னா, வீடியோ பாக்கும்போது விஷயம் உள்ள போகுது, டெஸ்ட்ல அதை வெளிய எடுக்கணும், அந்த வெளிய எடுக்குற வேலையை நீ வீட்டுல ஒரு தடவை கூட செய்யல. 2006-ல ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட் செஞ்ச சோதனையை என் கிளாஸ்ல எப்பவும் சொல்லுவேன். ஒரு குரூப் பாடத்தை நாலு ரவுண்டு படிச்சாங்க. இன்னொரு குரூப் ஒரு ரவுண்டு படிச்சுட்டு மூணு தடவை பாக்காம எழுதிப் பாத்தாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டா படிச்சவங்கதான் முன்னாடி, 83 சதவீதம், எழுதினவங்க 71. ஒரு வாரம் கழிச்சு கேட்டா படிச்சவங்க 40, எழுதினவங்க 61. புரிஞ்ச மாதிரி இருக்குற அந்த சுகம் இருக்கே, அதுதான் ஏமாத்துது.

மழைச்சத்தம் செய்யறதுலயும் காதை விட அந்த முந்திக்கிட்டு சொல்றதுதான் வேலை செய்யுதுன்னு எனக்குத் தோணுது. இன்னைக்கே ஒரு வெள்ளைத்தாள் எடு, எல்லாத்தையும் மூடு, இதயத்தை வரைஞ்சு பேர் எழுது, எழுதும்போது வாய்விட்டும் சொல்லு. முடிச்சப்புறம்தான் புக்கை திறக்கணும்.

ஊசிநூல்:
மேடம் சொன்னதோட இன்னொன்னு, வழியை பாடமே சொல்லிடும். வால்வு எங்க இருக்குன்னு படம் இல்லாம புரியாது, லப் டப் சத்தத்தை எத்தனை பக்கம் படிச்சாலும் ஸ்டெதஸ்கோப் வச்சாதான் தெரியும், ஊசி போடறது கைப்பழக்கம். நம்ம எந்த டைப்பா இருந்தாலும் இதெல்லாம் மாறாது. அப்புறம் டிஸ்லெக்சியா மாதிரி நிஜமாவே வாசிக்க சிரமம் இருக்குறவங்க ஆடியோவுல படிக்கிறது முக்கியம், அதை இதோட சேத்து ஒதுக்கிடாதீங்க. பிடிச்ச வழியா இருந்தா உக்காந்து படிக்கவாவது மனசு வருது, அதனால வீடியோவை முழுசா விடவும் வேண்டாம்.

புதுநோட்டு:
ரொம்ப நன்றி மேடம், நன்றி எல்லாருக்கும். நேத்து நைட்டே உக்காந்தேன். நுரையீரல் போயிட்டு வந்து அயோர்ட்டா, அதான் உடம்புக்கு ரத்தம் கொண்டு போற பெரிய குழாய், அது வரைக்கும் மொத்தம் 12 இடம், முதல் தடவை அஞ்சுதான் வந்துச்சு. அந்தத் தாளைப் பாக்கவே பயமா இருந்துச்சு. விட்டதை மட்டும் படிச்சுட்டு திரும்ப எழுதினேன், ஒம்போது. ஆனா மைட்ரல் வால்வும் ட்ரைகஸ்பிட் வால்வும் ரெண்டு தடவையும் இடம் மாறிடுச்சு. இன்னைக்கும் எழுதணுமா?

கரும்பலகை:
ஒரே ராத்திரில அஞ்சுலேர்ந்து ஒம்போதா, நல்லா வருது கண்ணு. அந்த ரெண்டு வால்வும் எல்லா பேட்ச்லயும் மாறும். ட்ரைகஸ்பிட்னா மூணு இதழ், வலது பக்கம், மைட்ரலுக்கு ரெண்டே இதழ், இடது பக்கம், வரையும்போது இதழை எண்ணி எண்ணி வரை. இன்னைக்கு தொடாத. நாளன்னைக்கு, கொஞ்சம் மறந்த மாதிரி இருக்கும்போது, எதையும் பாக்காம எழுது, அப்புறம் ஒரு வாரம் விட்டு. எத்தனை வந்துச்சுன்னு இங்கயே வந்து சொல்லு.