ஏசி போட்டால் கரகர சத்தம்: கம்ப்ரஸரையே மாற்றச் சொல்கிறார்கள், உண்மையாகவே போய்விட்டதா?

மார்த்தாண்டம்75 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் கார் 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கொஞ்ச நாளாக ஏசி போட்டதும் பானெட்டுக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வருகிறது. ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க சத்தமும் கூடவே ஏறுகிறது. மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் நிற்கும்போது பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கேட்கும், களியக்காவிளை பக்கம் வேகமாகப் போகும்போது அவ்வளவாகத் தெரிவதில்லை. குளிர் மட்டும் முன்பு மாதிரியே இருக்கிறது.

இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானெட்டைத் திறந்தார், ஏசியை ஒருமுறை போட்டு அணைத்தார், "கம்ப்ரஸர் போச்சு, புதுசு போட்டா 24,000, பழசு போட்டா 9,000" என்று சொல்லிவிட்டார். ஏசி கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் மாட்டவில்லை, பெல்ட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. குளிர் இவ்வளவு நன்றாக இருக்கும்போது கம்ப்ரஸர் எப்படிப் போகும் என்று கேட்டதற்கு, "இன்னும் கொஞ்ச நாள்ல நின்னுரும்" என்றார்.

அம்மாவைச் சிகிச்சைக்காக அடிக்கடி திருவனந்தபுரம் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது, இந்த வெயிலில் ஏசி இல்லாமல் அவர்களால் முடியாது. அதனால் ஒத்திப்போடவும் முடியாது, தேவையில்லாமல் 24,000 கொடுக்கவும் மனம் வரவில்லை. நானே பார்க்கக்கூடியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

---

வடசேரி ஏசி வேலை எழுதியது:

அண்ணா, பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள்: ஏசியை அணைத்ததும் சத்தம் சுத்தமாக நிற்கிறதா, இல்லை குறைந்து மெல்லியதாக ஓடிக்கொண்டே இருக்கிறதா? ரேடியோ, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பானெட்டைத் தூக்கி, ஏசி இல்லாமல் பக்கத்தில் நின்று கேளுங்கள். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

காரணம் இதுதான். கம்ப்ரஸர் என்பது ஏசி கேஸை அமுக்குகிற பம்ப். அதன் முன்னால் பெல்ட் ஓட்டுகிற சக்கரமான புல்லி, இன்ஜின் ஓடுகிற வரைக்கும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், ஏசி போட்டாலும் போடாவிட்டாலும். ஏசி போடும்போது கிளட்ச் காயிலுக்குக் கரண்ட் போய், முன் தட்டை "டக்" என்று புல்லியோடு ஒட்ட வைக்கும். அப்போதுதான் கம்ப்ரஸரின் உள்ளே இருக்கிற சாஃப்ட் சுற்றவே ஆரம்பிக்கும். ஆகவே ஏசி அணைத்த பிறகும் சத்தம் கொஞ்சமாவது இருந்தால், கம்ப்ரஸரின் உள்பக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. புல்லி பேரிங் (புல்லி லேசாகச் சுற்ற உள்ளே இருக்கும் குண்டு வளையம்), பெல்ட், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், பெல்ட்டைத் தாங்கி வழிநடத்துகிற ஐட்லர் சக்கரம், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். (சில புது மாடல்களில் கிளட்சே கிடையாது, கம்ப்ரஸர் எப்போதும் சுற்றும், அதற்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. உங்கள் மாடலில் கிளட்ச் இருக்கும் என்று நினைக்கிறேன், "டக்" சத்தம் கேட்கிறதா பாருங்கள்.)

இதில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஏசி போட்டதும் பெல்ட் மேல் பாரம் கூடுகிறது. அந்தப் பாரத்தில் தேய்ந்த புல்லி பேரிங்கும் கத்தும், காய்ந்துபோன ஐட்லரும் கத்தும். ஏசி போட்டால் சத்தம் கூடுகிறது, அதனால் கம்ப்ரஸர்தான் என்று சொல்வது அதனால் தப்பு. இன்ஜின் மவுண்ட் தளர்ந்திருந்தாலும் ஏசி போட்டதும் உள்ளே ஒரு உறுமல் வரும். ஆனால் அது கரகரப்பாக இருக்காது, ஸ்டியரிங்கிலும் சீட்டிலும் அதிர்வாகத் தெரியும்.

அடுத்தது, இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, கிளட்ச்சின் முன் தட்டை மட்டும் கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் இறுக்கமாக, ஆனால் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். இடையிடையே பிடித்தாலோ, மணல் அரைபடுகிற மாதிரி இருந்தாலோ, அப்போதுதான் உள்பக்கம் சந்தேகம். அது நன்றாக இருந்தால் பெல்ட்டைக் கழற்றி, புல்லியைச் சுற்றியும் முன்னும் பின்னும் ஆட்டியும் பாருங்கள். ஏசிக்குத் தனி பெல்ட் இருக்கிற கார் என்றால் அதைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓடவிடலாம், ஒரு தொந்தரவும் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பெல்ட் என்றால் பல கார்களில் வாட்டர் பம்பும் அதில்தான் ஓடும், ஆகவே அரை நிமிஷத்துக்கு மேல் ஓடவிடாதீர்கள்.

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியைக் கம்ப்ரஸர் உடம்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பது பழைய வழி, இன்றைக்கும் நல்ல வழி. ஆனால் வேட்டியோ தோர்த்தோ கட்டிக்கொண்டு ஓடுகிற பெல்ட் பக்கம் குனியாதீர்கள். சட்டைக் கையையும் மடித்துவிடுங்கள். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

---

குளச்சல் டாக்ஸி எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் எல்லாம் பேரிங்காகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். என் வண்டியில் ஏசி போட்டால் மட்டும் டொக் டொக் என்று தட்டும், அணைத்தால் சுத்தமாக நிற்கும். கேஸ் குறைவு என்று ஒருவர் சிலிண்டரைத் தூக்கிப்பிடித்து, கை மதிப்பில் ஏற்றிவிட்டிருந்தார். அளவுக்கு மேல் கேஸ் இருந்தால் அழுத்தம் ஏறி, கம்ப்ரஸர் திணறும். கடைசியில் இன்னொரு கடையில் மொத்தக் கேஸையும் வெளியே எடுத்து, வாக்யூம் போட்டு (லைனில் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்து), தராசில் எடை பார்த்து ஏற்றிய பிறகுதான் தட்டல் நின்றது. பானெட்டுக்குள்ளே ஒரு ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருப்பார்கள், சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 350 முதல் 500 கிராம் வரைதான். தராசு இல்லாத கடையில் கேஸ் ஏற்றாதீர்கள்.

இன்னொன்று, நம்ம கடற்கரைப் பக்கத்து வண்டிகளுக்கு உப்புக் காற்றினால் வருகிற கேடு தனி. குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் நிறுத்துகிற வண்டிகளில் முன்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியே விடுகிற கண்டென்சரின் மெல்லிய தகடுகள் பொடிந்து உதிர்கிறது, கண்டென்சர் ஃபேன் மோட்டாரும் துருப்பிடித்து மெதுவாகச் சுற்றுகிறது. ஃபேன் ஒழுங்காகச் சுற்றாவிட்டால் நிற்கும்போது அழுத்தம் ஏறும், ஓடும்போது காற்று அடிப்பதால் இறங்கிவிடும். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளுக்கு நடுவே போகும்போது எந்த வண்டியிலும் ஏசி நன்றாகத்தான் இருக்கும்! நெரிசலில் நிற்கும்போது மட்டும் சத்தம் என்று சொல்கிறீர்கள், அதனால் ஏசி போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா, வேகமாகச் சுற்றுகிறதா என்பதையும் பாருங்கள். ஃபேனின் சத்தத்தையே கம்ப்ரஸர் சத்தம் என்று நினைத்தவர்களும் உண்டு.

---

துபாய் ரிட்டர்ன் எழுதியது:

தம்பி, வளைகுடாவில் கார் ஏசி வேலைதான் பார்த்தேன், இப்போது தக்கலைப் பக்கம் வீட்டோடு இருக்கிறேன். அந்த 9,000 ரூபாய் பழைய கம்ப்ரஸர் விஷயத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை அவர்கள் சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

உண்மையிலேயே கம்ப்ரஸர் உள்ளே தேய்ந்து போயிருந்தால், அலுமினியப் பொடி எண்ணெயோடு கலந்து கறுப்பாக லைன் முழுக்கப் போய்விடும். குழாயைக் கழற்றும்போது விரலில் தொட்டுப் பார்த்தாலே பளபளவென்று துகள் தெரியும். அப்படிப்பட்ட லைனில் பழசு என்ன, புதுக் கம்ப்ரஸரைப் போட்டால்கூட அதே பொடி சுற்றிவந்து அதையும் தின்றுவிடும். ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கிற ஃபில்டர் டிரையர் கட்டாயம் மாற்ற வேண்டும், கூலிங் காயிலுக்குக் கேஸை அளவாக விடுகிற எக்ஸ்பான்ஷன் வால்வை மாற்ற வேண்டும், குழாயும் கூலிங் காயிலும் உள்ளே கழுவி ஃபிளஷ் பண்ண வேண்டும். இப்போது வருகிற மெல்லிய துளைக் கண்டென்சரை ஃபிளஷ் பண்ணினாலும் முழுதாகச் சுத்தமாகாது, அதையும் மாற்றுவதுதான் நல்லது. இதெல்லாம் சேர்த்துத்தான் செலவு. "கம்ப்ரஸர் மட்டும் மாத்தினா போதும்" என்று ஒருவர் சொன்னால், ஒன்று கம்ப்ரஸர் போகவில்லை, அல்லது அவர் பாதி வேலைதான் செய்யப் போகிறார்.

எண்ணெயைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. ஆர்134ஏ என்கிற கேஸ் ஓடும் வண்டிகளில் பெரும்பாலும் பிஏஜி என்கிற வகை எண்ணெய், அது கேஸோடு கலந்து லைன் முழுக்கச் சுற்றும். எங்கேயாவது லீக் இருந்தால் கேஸோடு எண்ணெயும் வெளியேறும், ஜாயிண்டில் எண்ணெய்ப் பிசுபிசுப்பும் அதில் ஒட்டிய தூசியும் தெரியும். அதைப் பார்க்காமல் வருஷா வருஷம் கேஸ் மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் இல்லாமல் காய்ந்துதான் சாகும். லீக்கை அடைக்கும் மருந்து என்று டின்னில் விற்பதையும் லைனுக்குள் விடாதீர்கள், வால்வை அடைத்துவிடும்.

குளிர் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் சொல்வதால் எனக்கும் புல்லி பேரிங் மேல்தான் சந்தேகம். ஆனாலும் கேஜ் மாட்டிப் பாருங்கள். இன்ஜின் 1500 ஆர்பிஎம், நம்ம ஊர் வெயில், அதற்கு லோ பக்கம் (கம்ப்ரஸருக்குள் கேஸ் போகிற பக்கம்) சுமார் 30 முதல் 45 பிஎஸ்ஐ, ஹை பக்கம் (அமுக்கி வெளியே வருகிற பக்கம்) 200 முதல் 250 வரை இருக்கலாம், வண்டிக்கு வண்டி மாறும். லோ ஏறி, ஹை இறங்கி, இரண்டும் நெருங்கி நின்றால் கம்ப்ரஸர் அமுக்கவில்லை என்று அர்த்தம். இரண்டுமே ஏறி நின்றால் கேஸ் கூடுதலா, ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜினை அணைத்து வைத்துவிட்டு முள்ளைப் பார்த்து கேஸ் சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 30 டிகிரி வெப்பத்தில் லைனுக்குள் கொஞ்சம் திரவம் மிச்சம் இருந்தாலே முள் 95 பக்கத்தில்தான் நிற்கும், அளவு தெரியாது.

---

மார்த்தாண்டம்75 எழுதியது:

மூன்று பேருக்கும் மிகவும் நன்றி. நீங்கள் சொன்னபடி எல்லாம் அணைத்துவிட்டுக் கேட்டேன். ஏசி இல்லாதபோதும் மெல்லிய ஊளைச் சத்தம் இருக்கிறது, இதுவரை கவனிக்கவே இல்லை. ஏசி போட்டால் அதுதான் கரகரப்பாகப் பெரிதாகிறது. ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது. அதற்குப் பிறகு தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன், ஏசிக்குத் தனி பெல்ட்தான். அதைக் கழற்றி இன்ஜினை ஓடவிட்டதும் சத்தமே இல்லை. முன் தட்டு சீராகச் சுற்றுகிறது. ஆனால் புல்லியைச் சுற்றினால் கையிலேயே அரைபடுவது தெரிகிறது, லேசாக ஆடவும் செய்கிறது. அந்த பெல்ட்டின் ஐட்லரும் சுற்றிவிட்டால் கிர்ரென்று காய்ந்த சத்தம். கேஜில் லோ 38, ஹை 215.

ஆக, பேரிங்தானே? மெக்கானிக், கேஸை எடுத்துவிட்டு கம்ப்ரஸரை இறக்கித்தான் மாற்ற வேண்டும் என்கிறார். அப்படித்தானா? அப்புறம், இது ஏன் போனது என்பதும் தெரிந்தால் நல்லது, 78,000 கிலோமீட்டர் என்பது அதிகமா?

---

வடசேரி ஏசி வேலை எழுதியது:

அண்ணா, புல்லி பேரிங்தான். கம்ப்ரஸர் நன்றாக இருக்கிறது, அதைத் தொடவே வேண்டாம்.

கேஸ் எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. புல்லி, பேரிங், காயில் மூன்றும் கேஸ் இருக்கிற பகுதிக்கு வெளியே இருக்கிறது. கைபோக இடம் இருந்தால் வண்டியில் வைத்தே செய்யலாம். இடம் இல்லாவிட்டால், கம்ப்ரஸரின் போல்ட்டுகளை மட்டும் கழற்றி, குழாய்கள் மாட்டியபடியே கொஞ்சம் இறக்கி, கம்பியால் கட்டிவைத்துச் செய்யலாம், குழாய் மடங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். மெக்கானிக்கிடம் மூன்று விஷயங்களைத் தவறாமல் சொல்லுங்கள். முன் தட்டைக் கழற்ற நடு போல்ட்டை எடுத்து, புல்லரோ அதற்கான போல்ட்டோ போட்டு இழுக்க வேண்டும், நெம்பவோ சாஃப்ட் மேல் சுத்தியலால் அடிக்கவோ கூடாது. அடித்தால் முன் சீல் கெட்டுப்போய் அப்புறம் உண்மையாகவே கேஸ் லீக் ஆகும். தட்டுக்குப் பின்னால் மெல்லிய ஷிம் வாஷர்கள் இருக்கும், அதில் ஒன்றுகூடத் தொலையக்கூடாது. பேரிங்கைப் பிரஸ்ஸில் வைத்து வெளி வளையத்தை அழுத்தித்தான் புல்லிக்குள் ஏற்ற வேண்டும், உள் வளையத்தை அழுத்தினால் புதுப் பேரிங் அங்கேயே கெட்டுவிடும். நாகர்கோவிலில் பேரிங் கடைகள் நிறைய இருக்கின்றன, பழையதைக் கையோடு கொண்டுபோய் அதில் இருக்கிற நம்பரையும், உள்விட்டம், வெளிவிட்டம், அகலத்தையும் ஒத்துப்பாருங்கள். கம்ப்ரஸர் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

மாட்டி முடித்ததும் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு இடைவெளி பார்க்கச் சொல்லுங்கள், பல வண்டிகளுக்கு 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் இருக்கும். கூடிப்போனால் இன்ஜின் சூடான பிறகு கிளட்ச் ஒட்டாமல் வழுக்கும், கருகிய வாடை வரும். குறைந்துபோனால் ஏசி அணைத்தாலும் உரசிக்கொண்டே இருக்கும். மூன்று இடத்தில் அளந்து பார்க்க வேண்டும்.

ஏன் போனது என்றால், 78,000 கிலோமீட்டர், பத்து வருஷத்துக்கு மேல் வயது, அதிகம் ஒன்றும் இல்லை. நமக்கு இரண்டு பருவமழை வேறு, ஜூனிலும் நனையும், அக்டோபரிலும் நனையும், கம்ப்ரஸர் கீழே தாழ்வாக இருப்பதால் ரோட்டுத் தண்ணீர் நேராக அதன்மேல்தான். சர்வீஸ் ஸ்டேஷனில் பானெட்டைத் திறந்து பிரஷர் தண்ணீர் அடிப்பதும் ஒரு காரணம், சீலைத் தாண்டித் தண்ணீர் போனால் உள்ளே கிரீஸ் நிற்காது.

---

துபாய் ரிட்டர்ன் எழுதியது:

நன்றாகச் சொன்னீர்கள். தம்பி, பழைய பேரிங்கின் சீலைப் பிரித்து கிரீஸ் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே குண்டு தேய்ந்தாயிற்று, சத்தம் சில நாள் அடங்கும், அப்புறம் புல்லி சாய்ந்து காயிலில் உரசி, பெல்ட்டையும் அறுத்துவிடும். அம்மாவோடு பாதி வழியில் நிற்க வேண்டாம்.

---

குளச்சல் டாக்ஸி எழுதியது:

பெல்ட் எப்படியும் கழன்று இருக்கிறது, ஐட்லர் பேரிங்கையும் இப்போதே சேர்த்து மாற்றிவிடுங்கள். பெல்ட்டில் வெடிப்பு தெரிந்தால் அதையும். பேரிங் மாற்றுகிற வரைக்கும் திருவனந்தபுரம் போக வேண்டிவந்தால் வேறு வண்டியில் போங்கள், ஏசியை அணைத்து ஓட்டினாலும் அந்தப் புல்லி சுற்றத்தான் செய்யும்.